போதையிலிருந்து மீள்பவர்கள் சேர்ந்து வாழும் வீடுகள்: அரசு எதைக் கட்டுப்படுத்த வேண்டும்?

கேள்வி: "அரிசோனாவில், ஃபீனிக்ஸ் புறநகரில் இருக்கிறோம். எங்கள் தெருவில் ஐந்து படுக்கையறை வீடு ஒன்றில் எட்டு ஆண்கள் குடிவந்திருக்கிறார்கள். விசாரித்தால் 'சோபர் லிவிங் ஹோம்' என்கிறார்கள். குடியையும் போதையையும் விட்டவர்கள் தங்கும் இடமாம். மூடச் சொல்லித் தெருக்காரர்கள் மனு எழுதி, என் கையெழுத்தும் கேட்கிறார்கள். எனக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். இந்த மாதிரி வீடுகளை அரசாங்கம் கட்டுப்படுத்தவே செய்யாதா? எப்படித்தான் கட்டுப்படுத்த வேண்டும்?"

கையெழுத்துப் போட வேண்டாம் என்பது என் பதில். அதற்காக அந்த வீட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல் இருந்துவிடவும் வேண்டாம். இந்த வீடுகளில் சில, மனிதர்களை உயிரோடு வைத்திருக்கின்றன. சில, மனிதர்களை விற்றுப் பிழைக்கின்றன. தெருவில் நின்று பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணியும் கண்டுபிடிக்க முடியாது. அந்த வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, உள்ளே ஒருவர் மறுபடி குடித்துவிட்டால் அன்று இரவு அவரை என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

நான் சில வருடங்கள் ஃப்ளோரிடாவில் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் வேலை பார்த்தவன். வாடகைப் பிரச்சினையோடு வருகிறவர்களின் காகிதங்களைப் படித்துச் சுருக்கம் எழுதுவது என் வேலை. அப்படி வந்தவர்களில் கணிசமானோர் இந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். அதனால் இந்த விஷயத்தை என்னால் எட்ட நின்று பேச முடியாது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம்மூரில் 'மறுவாழ்வு மையம்' என்றால் மருத்துவர், மருந்து, படுக்கை, பூட்டிய கதவு எல்லாம் சேர்ந்த ஓர் இடம் மனதில் வரும். உங்கள் தெருவில் இருப்பது அது இல்லை. அமெரிக்காவில் சிகிச்சை தரும் மையம் தனி. அதற்கு மாநில உரிமம் வேண்டும். சிறையிலிருந்து வருபவர்களை அரசு அனுப்பி வைக்கும் 'ஹாஃப்வே ஹவுஸ்' இன்னொரு வகை. சோபர் லிவிங் என்பது வெறும் வீடு. சிகிச்சை முடித்தவர்கள் வாடகை கொடுத்து, சேர்ந்து சமைத்து, காலையில் வேலைக்குப் போய், மாலையில் குடியை விட்டவர்கள் கூடிப் பேசும் கூட்டத்துக்குப் போய், இரவு வந்து படுக்கும் இடம். அங்கே பெரும்பாலும் ஊசியும் கிடையாது, ஆலோசகரும் கிடையாது. வீட்டுக்குள் போதை கூடாது என்ற விதியும், அதைக் கடைப்பிடிக்கும் மற்றவர்களின் துணையும்தான் அந்த வீடு தருவது.

அந்தத் துணைக்கு எவ்வளவு மதிப்பு? இருபத்தெட்டு நாள் சிகிச்சை முடித்து வெளியே வருகிறவர், பழைய அறைக்கு, பழைய நண்பர்களிடம், ஃப்ரிட்ஜில் பியர் இருக்கும் அதே வீட்டுக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் ஏதாவது ஒரு உறவினர் வீட்டில் பார்த்திருப்போம். சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் லெனர்ட் ஜேசன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் இதை முறையாகச் சோதித்தார்கள். சிகிச்சை முடித்த 150 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, பாதிப் பேரை 'ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ்' என்ற வகை வீடுகளுக்கும், மீதிப் பேரை வழக்கமான தொடர் கவனிப்புக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தபோது வீட்டுக்குப் போனவர்களில் 31 சதவீதம் பேர் மறுபடி பழக்கத்தில் இருந்தார்கள். மற்ற பாதியில் அது 65 சதவீதம். வீட்டுக்குப் போனவர்களின் மாத வருமானம் மற்றவர்களுடையதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2006ல் வெளியான ஆய்வு இது. புது மருந்து ஒன்று இந்த அளவுக்கு வேலை செய்திருந்தால் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கச் செய்தி.

ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் பிறந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். 1975, மேரிலண்ட் மாநிலத்தின் சில்வர் ஸ்பிரிங். குடியிலிருந்து மீள்பவர்களுக்காக உள்ளூர் நிர்வாகம் நடத்திவந்த வீடு ஒன்றைப் பணமில்லை என்று மூடப் போனார்கள். அங்கே இருந்தவர்களில் ஒருவர் பால் மலாய். ஒரு காலத்தில் அமெரிக்க செனட் குழுவொன்றில் சட்ட ஆலோசகராக இருந்து, குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். அவரும் மற்றவர்களும் சேர்ந்து, 'மூடாதீர்கள், நாங்களே வாடகைக்கு எடுத்துக்கொள்கிறோம்' என்றார்கள். மேலாளர் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தலைவரையும் பொருளாளரையும் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். புதிதாக ஒருவரைச் சேர்க்க ஐந்தில் நான்கு பேர் சம்மதிக்க வேண்டும். வாடகையும் மின்கட்டணமும் சமபங்கு. குடித்தால் வெளியே. எவ்வளவு காலம் வேண்டுமானாலும் தங்கலாம். இன்று இப்படி 3,000க்கும் மேற்பட்ட வீடுகள் நாடு முழுக்க இருக்கின்றன. 1988ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, ஒவ்வொரு மாநிலமும் 1,00,000 டாலர் சுழல்நிதி வைத்து, ஆறு பேர் சேர்ந்து வீடு எடுக்க 4,000 டாலர் வரை கடன் தர வேண்டும் என்றது. இரண்டு வருடத்தில் திருப்பிக் கட்ட வேண்டும். முன்பணம் கட்டக்கூடக் காசில்லாதவர்கள் வீடு பிடித்தது அந்தக் கடனால்.

அதே 1988ல் வந்த இன்னொரு சட்டம்தான் உங்கள் தெருவின் மனுவுக்குக் குறுக்கே நிற்கிறது. வீடு தருவதில் இனம், மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற ஃபேர் ஹவுசிங் சட்டத்தை அந்த வருடம் திருத்தி, மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்தார்கள். போதை நோயிலிருந்து மீள்பவரும் அதில் அடக்கம். கவனியுங்கள், இப்போது சட்டவிரோதமாகப் போதைப்பொருள் எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விட்டவருக்கு உண்டு. மற்றவர்களின் பாதுகாப்புக்கு ஒரு தனிநபர் நேரடி ஆபத்து என்று காட்ட முடிந்தால் அவரைப் பொறுத்தவரை சட்டம் வழிவிடும். 'இந்த மாதிரி ஆட்களே ஆபத்து' என்று ஒட்டுமொத்தமாகச் சொன்னால் ஏற்காது.

இது நீதிமன்றத்தில் சோதிக்கப்பட்ட வழக்கு ஒன்று உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் எட்மண்ட்ஸ் நகரம். சென்னையில் 'குடும்பத்துக்கு மட்டும், பேச்சிலர்களுக்கு இல்லை' என்று டு-லெட் பலகை தொங்கும் அல்லவா? அந்த நகரம் அதையே சட்டமாக எழுதி வைத்திருந்தது. ரத்த உறவு, தத்து, திருமணம் மூலம் இணைந்தவர்கள் எத்தனை பேர் வேண்டுமானாலும் ஒரு வீட்டில் இருக்கலாம். உறவில்லாதவர்கள் என்றால் ஐந்து பேருக்கு மேல் கூடாது. அங்கே ஓர் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். நகரம் வீட்டுச் சொந்தக்காரர் மீதும் குடியிருந்த ஒருவர் மீதும் குற்ற நோட்டீஸ் கொடுத்தது. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1995ல் ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க். ஒரு வீட்டில் இடநெருக்கடி கூடாது என்பதற்காக எல்லோருக்கும் பொதுவாக ஒரு தலைக்கணக்கு வைத்தால் அது ஃபேர் ஹவுசிங் சட்டத்துக்கு வெளியே நிற்கலாம்; எது குடும்பம் என்று வரையறுக்கும் விதி அப்படி வெளியே நிற்க முடியாது என்றார். உறவுக்காரர்கள் இருபது பேர் நெருக்கிக்கொண்டு இருக்கலாம், உறவில்லாத ஆறு பேர் இருக்கக்கூடாது என்றால் அது இடநெருக்கடி பற்றிய விதியே கிடையாதே.

அதற்குப் பிறகும் நகரங்கள் ஓயவில்லை. தெற்குக் கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச், 2008ல் எல்லாக் குழு இல்லங்களுக்கும் பொருந்துவது போலத் தோன்றும் ஓர் ஒழுங்குவிதியைப் போட்டது. நடைமுறையில் மீள்பவர்களின் வீடுகளைக் குறிவைத்தது. 2013ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நோக்கத்தையே விசாரணைக்கு உரிய விஷயமாக எடுத்துக்கொண்டது. 2015ல் நகரம் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. பக்கத்து நகரமான கோஸ்டா மேசா, ஒரு வீட்டுக்கும் அடுத்ததற்கும் 650 அடி இடைவெளி வேண்டும் என்று விதி வைத்து வருடக்கணக்காக வழக்காடியது.

இந்த இடைவெளி விதிகள் எனக்குப் பிடிப்பதே இல்லை. டாஸ்மாக் கடையைப் பள்ளிக்கூடத்திலிருந்து தள்ளி வை என்கிறோம், சரி, அது சாராயம். சாராயத்தை விட்டவனையும் அதே அளவுகோலால் தள்ளி வைப்பது எந்த ஊர் நியாயம்? இருந்தாலும் நேர்மையாகச் சொல்கிறேன், இடைவெளி கேட்பவர்கள் எல்லோரும் வெறுப்பில் கேட்கவில்லை. ஒரே தெருவில் அடுத்தடுத்து ஐந்து வீடுகள் இப்படி ஆகிவிட்டால் அது சாதாரணத் தெருவாக இருக்காது. மீள்பவருக்கு வேண்டியதே சாதாரணத் தெருதான். ஃப்ளோரிடாவின் டெல்ரே பீச்சிலும் உங்கள் மாநிலத்தின் பிரெஸ்காட்டிலும் அந்தக் குவிதல் நடந்தது. ஆனால் வீடுகள் ஏன் அங்கே போய்க் குவிந்தன என்று கேட்டால், காரணம் நிலவரைபடத்தில் கிடைக்காது. மருத்துவக் காப்பீட்டு ரசீதில் கிடைக்கும்.

டெல்ரே பீச் கதையை நான் அருகில் இருந்து பார்த்தேன். 2008ல் ஒரு சட்டம், மனநலத்துக்கும் போதை நோய்க்கும் மற்ற நோய்களுக்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்றது. 2010ல் ஒபாமாவின் சட்டம், பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் காப்பீட்டில் இருக்கலாம் என்றது. இரண்டும் நல்ல சட்டங்கள். அவற்றால் ஹெராயின், வலி மாத்திரை போன்ற ஓபியாய்டு பழக்கத்தில் விழுந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களின் பையில் திடீரென்று ஒரு மதிப்புள்ள அட்டை வந்தது. வெளிநோயாளி சிகிச்சை மையங்களுக்கு அந்த அட்டை வேண்டும். அட்டை வைத்திருப்பவர் எங்கே தங்குகிறார்? சோபர் ஹோமில். ஆக, வீட்டுக்காரருக்கு ஆளுக்கு வாரம் இவ்வளவு என்று மையம் கமிஷன் கொடுக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் இளைஞனிடம், 'வாடகை வேண்டாம், அந்த மையத்துக்குப் போனால் போதும்' என்பார். அங்கே வாரத்துக்கு மூன்று நான்கு முறை சிறுநீர்ப் பரிசோதனை. சில டாலர் விலையுள்ள பரிசோதனைக் கோப்பைக்குப் பதில் ஆய்வகத்துக்கு அனுப்பி, ஒவ்வொன்றுக்கும் காப்பீட்டு நிறுவனத்திடம் ஆயிரக்கணக்கில் பில்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தப் பையன் நன்றாகிவிட்டால் வருமானம் நின்றுவிடும். மறுபடி போதைக்குப் போனால் மறுபடி நச்சுநீக்கம் (உடம்பிலிருந்து போதையை இறக்கும் சிகிச்சை), மறுபடி சிகிச்சை, முதலிலிருந்து பில். அதனால் அவன் சறுக்குவது சிலருக்கு லாபம். வீட்டுக்காரரே போதைப்பொருள் வாங்கிக் கொடுத்த சம்பவங்கள் வெளியே வந்தன. இந்தச் சுழற்சிக்கு 'ஃப்ளோரிடா ஷஃபிள்' என்றே பெயர் விழுந்தது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போல ஆட்களை மாற்றி மாற்றிப் போடுவது. பாம் பீச் மாவட்ட அரசு வழக்கறிஞர் டேவ் ஆரன்பர்க் 2016ல் இதற்கென்றே தனிப்படை அமைத்தார். 2017ல், தன் வீடுகளில் தங்கிய பெண்களைப் பாலியல் தொழிலில் தள்ளிய ஒரு நடத்துநருக்கு 27 வருடத்துக்கும் மேல் சிறைத்தண்டனை கிடைத்தது.

எங்கள் அலுவலகத்துக்கு ஒரு முறை ஒரு பையன் இரண்டு கறுப்புக் குப்பைப் பைகளில் துணிகளோடு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கும். முந்தின இரவு பதினொரு மணிக்கு வெளியே போகச் சொல்லியிருக்கிறார்கள். அவன் குடிக்கவில்லை. காப்பீடு தீர்ந்துபோய்விட்டது, அவ்வளவுதான். அவன் கையெழுத்திட்ட காகிதத்தைப் படித்தேன். 'நான் வாடகைதாரர் அல்ல, எனக்கு வாடகைதாரரின் உரிமைகள் எதுவும் இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. அடுத்த பக்கத்தில் பாத்திரம் கழுவாவிட்டால் 25 டாலர் அபராதம். அந்த வீட்டுக்கு எல்லா விதிகளும் இருந்தன, அவனைக் காப்பாற்றும் விதி ஒன்றைத் தவிர.

ஃப்ளோரிடா இதற்கு என்ன செய்தது? வீடுகளுக்கு உரிமம் கட்டாயம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஃபேர் ஹவுசிங் சட்டத்தோடு மோத வேண்டியிருக்கும். 2015ல் விருப்பச் சான்றிதழ் முறையைக் கொண்டுவந்தது. தேசிய அளவில் இந்த வீடுகளுக்கான சங்கம் ஒன்று 2011 முதல் இருக்கிறது. குடியிருப்பவர்களே நடத்தும் வீட்டிலிருந்து சிகிச்சையும் சேர்ந்த வீடு வரை நான்கு வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தரவிதிகள் வைத்திருக்கிறது. அதன் மாநிலக் கிளை வந்து பார்த்துச் சான்று தரும். சான்று வாங்கினால் வாங்கு, வாங்காவிட்டால் போ. ஆனால் 2016 ஜூலை முதல், உரிமம் பெற்ற சிகிச்சை மையம் எதுவும் சான்றில்லாத வீட்டுக்கு ஆளை அனுப்பக்கூடாது. மாசசூசெட்ஸும் இதே வழியில் போனது. அங்கே அரசு அமைப்புகள் சான்று பெற்ற வீடுகளுக்குத்தான் ஆள் அனுப்பலாம். எனக்கு இந்த யோசனை பிடித்திருக்கிறது. எட்டுப் பேர் சேர்ந்து வாடகைக்கு எடுத்த வீட்டின் கதவை அரசு தட்டுவதில்லை. பணமும் ஆட்களும் பாயும் குழாயில்தான் வால்வு வைத்திருக்கிறது.

2018ல் நாடு முழுமைக்கும் ஒரு சட்டம் வந்தது. மீட்பு இல்லத்துக்கோ சிகிச்சை மையத்துக்கோ ஆய்வகத்துக்கோ நோயாளியை அனுப்பக் கமிஷன் கொடுப்பதும் வாங்குவதும் மத்தியக் குற்றம். பத்து வருடம் வரை சிறை, 2,00,000 டாலர் வரை அபராதம். அதுவரை இருந்த மத்தியக் கமிஷன் தடைச் சட்டம், மெடிக்கேர் போன்ற அரசுத் திட்டங்களின் பணத்துக்கு மட்டும்தான் பொருந்தியது. ஃப்ளோரிடாக் கொள்ளையின் பெரும்பகுதி தனியார் காப்பீட்டில் நடந்ததால் அது கைக்கு எட்டவில்லை. புதுச் சட்டம் அந்த ஓட்டையை அடைத்தது.

நியூயார்க்கில் வேறு வேடம். அங்கே 'முக்கால் வீடு' என்று ஒரு வகை. பாதி வழி வீடான ஹாஃப்வே ஹவுஸுக்கும் சொந்த வீட்டுக்கும் நடுவில் என்று அர்த்தம். அரசு உதவியில் இருக்கும் தனி ஆளுக்கு வாடகைக்காகக் கிடைத்தது மாதம் 215 டாலர். நியூயார்க்கில் அந்தப் பணத்துக்கு யார் இடம் தருவார்கள்? ஓர் அறையில் அடுக்குக் கட்டில் போட்டு அடைத்து வைப்பவர்கள் தந்தார்கள். குறிப்பிட்ட கிளினிக்குக்குப் போக வேண்டும், போகாவிட்டால் தெரு. கிளினிக், ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் பில் போட்டு வீட்டுக்காரருக்குப் பங்கு கொடுக்கும். அங்கே குடியிருந்தவர்களுக்குக் கைகொடுத்தது ஒரு பழைய நகரச் சட்டம். முப்பது நாள் தொடர்ந்து தங்கிய எவரையும் நீதிமன்றத்துக்குப் போகாமல் வெளியேற்ற முடியாது என்ற விதி.

இனி உங்கள் மாநிலம். உங்கள் கேள்வியில் 'கட்டுப்படுத்தவே செய்யாதா' என்று இருந்தது. செய்கிறது. அரிசோனா 2018லேயே சோபர் லிவிங் வீடுகளுக்கு மாநில சுகாதாரத் துறையின் உரிமம் வேண்டும் என்று சட்டம் போட்டது. நாட்டின் பல மாநிலங்கள் அப்போது யோசித்துக்கொண்டுதான் இருந்தன. அப்படியிருந்தும் இந்தத் துறையின் மிகப் பெரிய மோசடிகளில் ஒன்று அரிசோனாவில்தான் நடந்தது.

அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கென்று மாநில மெடிக்கெய்டில் ஒரு தனித் திட்டம் உண்டு. அதில் சில சேவைகளுக்கு விலை உச்சவரம்பு இல்லை. கிளினிக் எவ்வளவு பில் போடுகிறதோ அதற்கேற்பப் பணம் போகும். 2019 நிதியாண்டில் வெளிநோயாளி மனநல கிளினிக்குகளுக்கு அந்தத் திட்டம் கொடுத்தது சுமார் 5.35 கோடி டாலர். 2022ல் 66.8 கோடி. மூன்று வருடத்தில் போதை நோய் பன்னிரண்டு மடங்கு ஆகிவிடுமா என்ன? நவஹோ பூர்வகுடிகளின் பூமியிலும், எங்கோ வடக்கே மொன்டானாவிலும்கூட வேன்கள் போய், சாலையோரம் நின்றவர்களை 'சாப்பாடு, தங்க இடம், சிகிச்சை எல்லாம் தருகிறோம்' என்று ஏற்றிக்கொண்டு ஃபீனிக்ஸுக்கு வந்தன. வாடகைக்கு எடுத்த புறநகர் வீடுகளில் இறக்கின. சில வீடுகளில் குடியும் போதையும் அங்கேயே கிடைத்தன. நடக்காத சிகிச்சைக்கு பில் போட்டார்கள். ஊரில் குடும்பங்கள் ஆளைக் காணவில்லை என்று போலீஸில் புகார் கொடுத்துக்கொண்டிருந்தன. சிலர் உயிரோடு திரும்பவே இல்லை.

2023 மே மாதம் ஆளுநர் கேட்டி ஹாப்ஸும் அட்டர்னி ஜெனரல் கிறிஸ் மேயஸும் இதை வெளிப்படையாக அறிவித்து, கிளினிக்குகளுக்கான பணத்தை நிறுத்த ஆரம்பித்தார்கள். பிறகு நிறுத்தப்பட்டவற்றின் எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. இழப்பு 200 கோடி டாலருக்கு மேல் என்று கணக்கிட்டார்கள். பணம் நின்றதும் என்ன நடந்தது தெரியுமா? நடத்துநர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஃபீனிக்ஸின் கோடையில், ஊர் தெரியாத மக்கள் நடைபாதையில் நின்றார்கள். நவஹோ நேஷன் 'ஆபரேஷன் ரெயின்போ பிரிட்ஜ்' என்ற பெயரில் தன் ஆட்களைத் தெருத்தெருவாகத் தேடி வீட்டுக்கு அழைத்து வர வேண்டியிருந்தது.

நான் இதிலிருந்து இரண்டு விஷயங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, உரிம விதி வீட்டுக்கு இருந்தது, திருட்டு கிளினிக்கின் பில்லில் நடந்தது. சுகாதாரத் துறை படுக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தது. பணம் கொடுத்த துறை, ஒரே ஆளுக்கு ஒரே நாளில் எத்தனை மணிநேரச் சிகிச்சை பில் ஆகிறது என்று பார்க்கவில்லை. அதோடு உரிமமே இல்லாமல் நடந்த வீடுகளும் ஏராளம். இரண்டாவது, மூடுவது சுலபம். உள்ளே இருந்தவர் அன்று இரவு எங்கே படுப்பார் என்று யோசிக்காமல் மூடினால், மோசடிக்காரன் செய்த அதே காரியத்தை அரசும் செய்தது போல ஆகிவிடும். உங்கள் தெரு மனு கேட்பதும் அந்த மூடலைத்தான்.

அப்புறம், ஒரு வீட்டைச் சறுக்கல்தான் உண்மையில் சோதிக்கிறது. போதை நோயில் சறுக்கல் சகஜம். ஓபியாய்டு பழக்கத்தில் அது உயிராபத்து. சில வாரம் விட்டிருந்தாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். முன்பு வழக்கமாக எடுத்த அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடும். அப்படி ஒருவரை இரவோடு இரவாக வெளியே தள்ளினால் அவர் பஸ் நிறுத்தத்தில் தனியாக இறக்கலாம். அதற்காக உள்ளேயே வைத்திருந்தால் மற்ற ஏழு பேருக்கும் ஆபத்து. ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸ் 'குடித்தால் வெளியே' என்பதில் கறாராக இருப்பது அதனால்தான், அந்தக் கறாரில் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வெளியே என்றால் எங்கே என்பதற்கு ஒரு பதிலை முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும். எந்த நச்சுநீக்க மையம், யார் வண்டி ஓட்டுவது, யாரை போனில் கூப்பிடுவது, மீதி வாடகை எப்போது திரும்பக் கிடைக்கும். அரசு ஒரே ஒரு விதிதான் போடலாம் என்று என்னிடம் சொன்னால் நான் இதைத்தான் கேட்பேன்.

மருந்து விஷயமும் உண்டு. மெத்தடோன், புப்ரனார்ஃபின் போன்ற மருந்துகள் ஓபியாய்டு மரணத்தை வெகுவாகக் குறைப்பவை. ஆனால் 'அதுவும் போதைதானே' என்று சொல்லி, அவற்றை எடுப்பவர்களைச் சேர்க்க மறுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தை விட்டால்தான் இடம் என்பது, சர்க்கரை நோயாளியிடம் இன்சுலினை விட்டுவிட்டு வா என்பது போல. அரிசோனா சட்டம் இதில் சரியாக இருக்கிறது. இப்படி மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்துகொண்டே சிகிச்சையைத் தொடர அனுமதிக்க வேண்டும் என்கிறது.

தீ எச்சரிக்கைக் கருவி, வெளியேறும் வழி, ஓர் அறைக்கு எத்தனை பேர் போன்றவற்றில் எனக்கு விவாதமே இல்லை. எட்டு மாணவர்கள் இருந்தால் என்ன விதியோ அதுவே இவர்களுக்கும். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். தலைக்கு மேல் தண்ணீர் தெளிப்பான் போடு என்று ஒரு சாதாரண வாடகை வீட்டுக்குச் சொன்னால், கடன் வாங்கி முன்பணம் கட்டிய ஆறு பேரால் முடியாது. பெரிய பணத்தோடு வருகிற நடத்துநரால்தான் முடியும். கட்டாய உரிமத்தைக் கண்டு நான் தயங்குவதும் இந்தக் காரணத்தால்தான். ஒவ்வொரு கட்டணமும் ஒவ்வொரு படிவமும் முதலில் வடிகட்டுவது, மேலாளரே இல்லாத அந்த எளிய வீடுகளை.

சரி, உங்கள் தெருவுக்கு வருவோம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் மாநில சுகாதாரத் துறைக்கு போன் செய்து அந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறதா என்று கேட்பேன். அடுத்து ஒரு மாலை ஆறு மணிக்கு மேல், எல்லோரும் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, போய்க் கதவைத் தட்டுவேன். வெறுங்கையோடு போகாமல் ஏதாவது பலகாரம் எடுத்துப் போங்கள். பகலில் எல்லோரும் வேலைக்குப் போகிறார்களா என்பதே உங்களுக்கு முதல் தகவல். நாள் முழுக்க வேன் வந்து எட்டுப் பேரையும் ஒரே கிளினிக்குக்கு ஏற்றிச் சென்று இறக்கினால் கவலைப்படுங்கள். வீட்டை யார் பார்த்துக்கொள்கிறார், அவர் அங்கேயே தங்குகிறாரா, இரவில் கூப்பிட எண் உண்டா என்று கேளுங்கள். வாடகையை அவரவர் கொடுக்கிறாரா, இல்லை வேறு யாராவது கொடுக்கிறார்களா என்றும் கேளுங்கள். ஓபியாய்டு அளவு மிஞ்சி மூச்சு நின்றவரைப் பிழைக்க வைக்க மூக்கில் அடிக்கும் நலாக்ஸோன் மருந்து வீட்டில் எங்கே இருக்கிறது என்று கேட்டால், நல்ல வீட்டில் மூன்று பேராவது ஒரே அலமாரியைக் கை காட்டுவார்கள்.

அங்கே யாரையாவது அடைத்து வைத்திருப்பதாகவோ, போனைப் பறித்து வைத்திருப்பதாகவோ, ஊருக்குப் போக முடியாமல் தவிப்பதாகவோ தெரிந்தால் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்துக்குப் புகார் கொடுங்கள். இந்த வீடுகளால் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே 2023ல் அரிசோனாவில் ஓர் உதவி எண் தொடங்கினார்கள்: 211ஐ அழைத்து 7ஐ அழுத்த வேண்டும். இப்போதும் இயங்குகிறதா என்று முதலில் நீங்களே அழைத்துப் பாருங்கள். இயங்கினால் அந்த எண்ணை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பலகாரத் தட்டோடு சேர்த்துக் கொடுத்துவிட்டு வரலாம்.